தடிக்காத கை

பீர்மேடு டீ எஸ்டேட், மூன்றாம் டிவிஷன் லயம்
11.9.1977

அன்புள்ள மாமாவுக்கு,

அழகுத்தாய் எழுதுவது. இங்கே விடாத மழை. அம்மா, அப்பா, அக்கா மூவரும் சுகம். என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபாலபுரத்தில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்பு மூலையில் சிம்னி விளக்கை வைத்து எழுதுகிறேன். அம்மா இருமினால் ஊதி அணைத்துவிட்டு, குறட்டை வந்ததும் மறுபடி பற்றவைக்கிறேன்.

உங்களுக்கும் அக்காவுக்கும் நிச்சயம் செய்த மறுநாள் ஒரு டாக்டரம்மா நம் லயத்துக்கு வந்து நம் வீட்டில் எல்லோருக்கும் முன்கையில் சின்ன ஊசி போட்டார்களே. அது டி.பி. ஊசி என்று அம்மா உங்களிடம் சொன்னது பொய். பள்ளிக்கூடத்துக்குச் சர்வே எடுக்க வந்தவர்கள் என் இடது முழங்கைக்கு மேலே வெளிறிய ஒரு படையைக் கண்டுபிடித்தார்கள். கண்ணை மூடச் சொல்லி இறகால் தொட்டார்கள். மற்ற இடமெல்லாம் தெரிந்தது. அந்த இடத்தில் தொட்டது தெரியவில்லை. குஷ்டம், மாமா.

அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் ஊசி. எங்களோடு அஞ்சு வருஷம் ஒரே அறையில் இருந்தவர் என்பதால் உங்களுக்கும். நாலாவது வாரம் ஊசி போட்ட இடம் தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நீங்களே பார்த்து எழுதினால் நான் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

"தை மாசம் கல்யாணம் முடியுத வரைக்கும் எவகிட்டயும் மூச்சு விடக்கூடாது. உன் மாமன்கிட்டயுந்தான்" என்று அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கேட்டால் நீங்கள் அக்காவை வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களாம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பதிலை புஷ்பமேரி பெயருக்குப் போடுங்கள். என்னோடு படிக்கிறவள். பிரித்துப் பார்க்கமாட்டாள்.

பயத்துடன்,
உங்கள் அக்காள் மகள்
அழகுத்தாய்


கோபாலபுரம்
25.9.1977

அழகுக் குட்டிக்கு,

மாமன் சுகம். நீ சுகப்பட இசக்கியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறேன்.

அழாதே. ஒரு படை, அவ்வளவுதானே. என் மாரித்தாயை நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? உன் அம்மாவுக்குத் தன் தம்பியைத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன், இது சத்தியம்.

உனக்குச் சிரிப்பு வர இங்கத்திய கூத்தை எழுதுகிறேன். செக்போஸ்டில் கேரளாவுக்கு அரிசி கடத்தல் பெரிய தொல்லை. சாக்கின்மேல் தவிடு என்று எழுதியிருக்கும். நூறு மூட்டையையும் அவிழ்க்க முடியுமா? ஒரு ஆள் குத்தூசியைச் சாக்கில் குத்தி இழுப்பான். குழல் வழியாக உள்ளே இருப்பது அவன் உள்ளங்கையில் விழும். அதை அதிகாரி பார்ப்பார். தவிடு என்றால் போ. அரிசி என்றால் விசில். விசில் கேட்டதும் எல்லோரும் பாய்ந்து லாரியைப் பிரித்துப்போடுவார்கள். அரிசி பிடிபடும், ஆனால் பலகையும் தார்ப்பாயும் நாசம். பிறகு என்னைப்போலச் சுமை தூக்குகிறவர்கள்தான் எல்லாவற்றையும் வாரி ஏற்ற வேண்டும்.

டீக்கடை ஆறுச்சாமி என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. "ஏனுங்க மணி, உங்க கை தோலா தகரமா? கொதிக்கிற டம்ளரை இப்படிப் புடிக்கறீங்க!" என்கிறார். அவர் சம்சாரம் பூவாத்தாள், "அவருக்குக் கல்யாணக் களை வந்திருச்சுங்க, மூஞ்சி எண்ணெ தேச்ச மாதிரி மின்னுது பாருங்க" என்கிறது. உன் அக்காவிடம் இதை மட்டும் சொல்.

ஊசி போட்ட இடத்தில் இதுவரை ஒன்றும் இல்லை. பார்த்து எழுதுகிறேன்.

உன் மாமன்
பிச்சைமணி


பீர்மேடு
6.10.1977

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்தே ஆறு தடவை படித்துவிட்டுக் கிழித்தேன். நீங்கள் சுகம் என்பது ஒன்றுதான் இங்கே நல்ல செய்தி.

டாக்டரம்மா வந்து கையைப் பார்த்தார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அக்காவுக்கும் கொஞ்சம் தடித்திருந்தது. எனக்குச் சுண்டைக்காய் அளவுக்குச் சிவந்து வீங்கி, நடுவில் புண்ணாக உடைந்திருந்தது. டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தார்கள். "கொள்ளாம். பேடிக்க வேண்டா மோளே" என்றார்கள். நல்லது, பயப்படாதே என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

அவர்கள் போனதும் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். "உள்ள கெடக்குத அழுகல் எல்லாம் இவ கையில பொங்கி வருதே" என்றாள். அப்பா வெளியே போய் மழையில் நின்றார். அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனிச் சாக்கு. விறகு அடுக்கிய பக்கம் படுக்கிறேன். யாராவது கேட்டால் சிரங்கு என்று சொல்ல வேண்டும். மழை இல்லாத நாளிலும் நீளக் கைச் சட்டை.

உங்கள் கை எப்படி இருக்கிறது? அம்மாவுக்கும் அதே கவலைதான். "என் தம்பிக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம இருக்கணும்" என்று முனகிக்கொண்டே இருக்கிறாள். தடித்திருந்தால் தயவு செய்து மறைக்காதீர்கள். கல்யாணத்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

அழகுத்தாய்


கோபாலபுரம்
20.10.1977

அழகுக் குட்டிக்கு,

கவலையை விடு. என் கையில் ஒன்றும் இல்லை. ஊசி போட்ட இடம் எது என்றே தெரியவில்லை, குழந்தை கை மாதிரி வழவழ என்று இருக்கிறது. மாமன் உடம்பு சுத்தம். உன் அம்மா நேரில் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்கிறேன். உன் கடிதம் பற்றி மூச்சு விடமாட்டேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் உன்னையும் இங்கே கூட்டிவந்துவிடுகிறேன். இங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்து, வாரம் ஒரு தடவை பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கித் தருகிறேன். மாரித்தாய் சமைப்பாள், நீ எனக்குப் பேப்பர் படித்துக் காட்டு.

எனக்கு மூக்கடைப்புதான் விடமாட்டேன் என்கிறது. தவிட்டுத் தூசி. போன வாரம் ஒரு வேடிக்கை. சாயங்காலம் ஆறுச்சாமி கடை வாசலில் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். செருப்பு ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆணி ஒன்று ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு கல்யாண நினைப்பு என்று ஒரே சிரிப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமன்
பிச்சைமணி


பீர்மேடு
13.11.1977

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதியதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை எழுதி அடுப்பில் போட்டேன்.

டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம், "மாமா கை தடிக்கவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "தீரே இல்லே?" என்று கேட்டார். கொஞ்சம்கூட இல்லை என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

நாம் நினைத்தது தலைகீழ், மாமா. அந்த ஊசியில் இருந்தது செத்த கிருமி. நோய் இருக்கிறதா என்று அந்த ஊசி சொல்லாது. உடம்புக்கு அந்தக் கிருமியை அடையாளம் தெரிகிறதா என்று சொல்லும். தெரிந்தால் தடிக்கும்.

ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளையணு இருக்கிறதாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. அங்கே பழகி வெளியே வருவதால், அதன் முதல் இங்கிலீஷ் எழுத்தே அந்த டி. கண்டதை விழுங்குகிற பெரிய அணுக்கள் வேறு. அவை இந்தக் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லத் தெரியாமல் வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருக்கும். கிருமி அங்கே குடித்தனம் நடத்திப் பெருகும். டி செல்லால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. விழுங்கிய அணு, கிருமியின் ஒரு துணுக்கை எடுத்துத் தன் மேற்புறத்தில் காட்ட வேண்டும். உங்கள் குத்தூசி ஞாபகம் வந்து சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். "அது தன்னே. டி செல்தான் விசில் அடிக்கிற ஆள்" என்றார்கள். அந்த விசில் கேட்டால்தான் விழுங்கிய அணுவுக்கு பலம் வந்து உள்ளே இருப்பதைக் கொல்லும். மற்ற அணுக்களும் ஓடிவந்து குவியும். அந்தக் குவியல்தான் கையில் தெரிகிற தடிப்பு. இதையெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்களாம். முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாதாம்.

என் உடம்பு விசில் அடித்துவிட்டது. அதனால்தான் ஒரே ஒரு படை. என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்றே டாக்டரம்மா சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சண்டையில் பக்கத்து நரம்பும் அடிபடுமாம், லாரிப் பலகை மாதிரி. என் இடது சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

விசிலே அடிக்காத உடம்பில் என்ன நடக்கும் என்று கேட்டேன். படை வராதாம். தோல் மினுமினு என்று இருக்குமாம். காது மடல் தடிக்கும், புருவ ஓரம் உதிரும், மூக்கு அடைக்கும். கையில் சூடு தெரியாது. காலில் ஆணி தெரியாது. உள்ளே கோடிக்கணக்கில் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது, கூட இருக்கிறவர்களுக்குப் பரவும்.

தடிக்காதவர்களுக்கெல்லாம் நோய் என்று அர்த்தம் இல்லையாம். காது மடலில் சின்னதாகக் கீறி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாத்திரை இருக்கிறது. சாப்பிட ஆரம்பித்தால் சில மாதத்தில் பரவுவது நின்றுவிடுமாம்.

உங்கள் விலாசம் கேட்டார்கள். முதலில் நான் எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். ஆபீஸ் கடிதம் வந்தால் செக்போஸ்ட் முழுக்கத் தெரிந்துவிடுமே.

ஒரு கோழி இறகு போதும், மாமா. கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது கையிலும் காலிலும் தொடச் சொல்லுங்கள்.

எனக்கு இது யாரிடமிருந்து வந்திருக்கும் என்றும் கேட்டேன். பதில் சொன்னார்கள். அதை எழுதவில்லை.

அழகுத்தாய்


பீர்மேடு
11.12.1977

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் இல்லை. தினமும் புஷ்பமேரி உதட்டைப் பிதுக்கிக் காட்டுகிறாள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இங்கே கல்யாண வேலை மும்முரம். அம்மா குமுளிக்குப் போய் அரக்குச் சேலை எடுத்துவந்தாள். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, கொழுந்து கிள்ளி வெடித்த விரலால் தொட்டால் நூல் இழுக்கும் என்று புறங்கையால் தடவிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னட்டி முழிக்கே? பொறாமையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"எம் மாப்பிள்ளை முகத்தைப் பாத்தியா நிச்சயத்தன்னிக்கு? விளக்கு வச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம லயத்துல எவளுக்காவது அப்படி வாய்ச்சிருக்கா?"

நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன்.

அம்மாவிடம் சொன்னால், தனக்கு வந்ததை மாமன் தலையில் கட்டுகிறாள் என்பாள். அவள் கண்ணால் பார்த்தது என் கையில் வீக்கம், உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் டி செல் என்று நான் எதைச் சொல்ல?

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, மாமா. முதலில் பரிசோதனைக்குப் போங்கள். மாத்திரை சாப்பிட்டுப் பரவாது என்று ஆன பிறகு கட்டிக்கொள்ளுங்கள். அக்கா காத்திருப்பாள். தை பிறப்பதற்குள் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் நான் அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும்.

அழகுத்தாய்


கோபாலபுரம்
27.12.1977

அழகுத்தாய்க்கு,

சௌக்கியம்.

எழுத்து கோணலாக இருக்கும். ஆறுச்சாமி கடையில் கெட்டில் பட்டு ரெண்டு விரல் வெந்துவிட்டது. கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

படித்த திமிரில் எழுதாதே. நீ என்ன செக்போஸ்ட் அதிகாரியா, என்னைக் குத்திப் பார்க்க? உன் வயசுப் பெண் மாமனுக்கு எழுதுகிற கடிதமா அது? மாரித்தாயிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். செய்ய வேண்டியதை நான் செய்கிறேன்.

கோழி இறகு வாங்கினேன். பூவாத்தாளின் சின்ன மகனைத் தொடச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே.

பிச்சைமணி


கோபாலபுரம்
12.1.1978

அன்புள்ள அக்கா சாந்தம்மாள், அத்தான் செல்லத்துரை இருவருக்கும்,

தம்பி பிச்சைமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைக் கணக்கப்பிள்ளை கபிரியேல் அண்ணாச்சியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும். அழகுத்தாயிடம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் இளைய மகளுக்குப் பெருவியாதி இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் மறைத்தது பெரிய தவறு. அப்படிப்பட்ட வீட்டில் நான் பெண் எடுக்க முடியாது. நிச்சயம் செய்ததை இத்துடன் முறித்துக்கொள்கிறேன். மாரித்தாய்க்கு நல்ல இடத்தில் பார்த்துச் சீக்கிரம் முடிக்கவும். என்னைத் தேடி யாரும் வர வேண்டாம். வந்தாலும் பார்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
பிச்சைமணி


பீர்மேடு
5.2.1978

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுதான், பிறகு எழுதமாட்டேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. அக்கா வேலைக்குப் போகிறாள்.

இதைப் பகலில் எழுதுகிறேன். சிம்னி வேண்டாம். மறைக்க இங்கே ஒன்றும் மிச்சமில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா மத்தியானம் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் வைத்தே கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். கல்யாணத் தேதி பற்றி இருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னாராம். பேர் கொடுத்து வேலைக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். கணக்கப்பிள்ளை பாதியில் நிறுத்தப் பார்த்தாராம். "படியும் வே" என்று அப்பாதான் சொன்னாராம்.

நான் திரும்பி வரும்போது குழாயடியில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மறுநாள் ஹெட்மாஸ்டர் வாசலிலேயே நிறுத்தி, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்றார். டாக்டரம்மா நேரில் வந்து இவளிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்கள். ஹெட்மாஸ்டர் அதை வாங்கி மேசைக்குள் வைத்தார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. லயத்துக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் இருக்கிறேன். புஷ்பமேரி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். அவள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

அக்கா அரக்குச் சேலையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "உடுத்திக்கோட்டி. என் வாழ்க்கையைத் தின்னுட்டேல்ல, இதையும் தின்னு" என்றாள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், மாமா.

சொல்லவில்லை. அவள் உங்களை ஆரோக்கியமான மனுஷன், தப்பித்துப் போய்விட்டார் என்று நினைத்து அழுகிறாள். நினைக்கட்டும். நீங்கள் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. அது அவளுக்காகச் செய்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு என் நோயைச் சாக்காக எடுத்துக்கொண்டீர்கள் என்பதும் தெரியும்.

டாக்டரம்மாவிடம் மட்டும் உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் கடிதமாக அனுப்பமாட்டார்கள். பொள்ளாச்சியில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை போங்கள். பேர் கேட்டால் வேறு பேர்கூடச் சொல்லலாமாம். பூவாத்தாளின் மகனை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். இதை நான் சொல்லக்கூடாது, ஆனால் என்னைத் தூக்கிய தோள் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் விரல் நிமிரவில்லை. படை வளரவில்லை.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த அன்று ஒரு கார்டு போடுங்கள். சேதி ஒன்றும் எழுத வேண்டாம். விலாசத்தை மட்டும் உங்கள் கையால் எழுதினால் போதும், எவ்வளவு கோணலாக இருந்தாலும். புஷ்பமேரி பெயருக்கு வேண்டாம். என் பெயருக்கே போடுங்கள்.

அழகுத்தாய்